வெலிச்காவின் சிவப்புப் பென்சில்

எங்கள் ஆஸ்பத்திரியில் அறுவைப் பிரிவு மூன்றாவது மாடியில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கூடம் தரைக்குக் கீழே. நடுவில் ஒரு லிஃப்ட் உண்டு. அது ஓடிய நாளைவிட நின்ற நாளே அதிகம். நான் மாடிக்காரன். டாக்டர் கான்சோ என்று கேட்டுப் பாருங்கள், ரொடோப்பி மலையின் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் சட்டையைத் தூக்கி என் தையலைக் காட்டுவார்கள். கீழே இருந்தவள் வெலிச்கா. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் என்னை நானே திட்டிக்கொள்ளாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது, அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகையிலை நட்டுப் பிழைத்த குடும்பம் அவளுடையது. ஐந்து வயதிலேயே இலை கோக்கிற நீள ஊசியைக் கையில் கொடுத்து உட்காரவைத்து விட்டார்களாம். "ஊசி எனக்குப் பால் மறந்த நாளிலேருந்து பழக்கம்" என்பாள். இருபத்தோரு வயதில் இங்கே வேலைக்கு வந்தவள், நாற்பத்தைந்து வருஷம் அதே நிலவறையில் இருந்தாள். புருஷன் பஸ் டிரைவர், சீக்கிரமே போய்விட்டார். மகள் பிளோவ்திவ் நகரத்தில். வீட்டில் பேச ஆளில்லாத குறையை எல்லாம் ஆஸ்பத்திரியில் தீர்த்துக்கொள்வாள். வாய் அதிகம், கோபம் அதைவிட அதிகம், காப்பி படுமோசம். ஆய்வுக்கூடத்து அடுப்பிலேயே அந்தக் காப்பியைப் போட்டு, குடிக்காதவனை எதிரியாகப் பார்ப்பாள்.

ஆனால் குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் அவள்தான். சின்னப் பிள்ளைகளைக் கீழே வரச் சொல்லமாட்டாள், அவளே மூன்று மாடி ஏறி வருவாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஒரு சொட்டு எனக்கு, மிச்சமெல்லாம் உனக்கு. நியாயம்தானே?" என்று கேட்பாள். நியாயமா இல்லையா என்று பிள்ளை யோசித்து முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். அப்படி ஒரு கைராசி.

குடல்வால் அழற்சி பெரியவர்களுக்கு வந்தால் சிரமமில்லை. "இங்கே வலிக்கிறது" என்று விரலால் காட்டுவார்கள். ஏழு வயசுப் பிள்ளை எதற்கெடுத்தாலும் தொப்புளைத்தான் காட்டும். பயத்தில் ஒன்று வீறிட்டு அழும், இன்னொன்று மூச்சே விடாது. அதற்குள் உள்ளே குடல்வால் ஒரே நாளில் வீங்கி, அழுகி, வெடித்தும் விடும். சும்மா வீங்கியிருக்கிறதா, அழுகிவிட்டதா என்பதுதான் எங்களுக்குத் தெரியவேண்டியது. முதலாவதென்றால் மறுநாள் காலை வரை பொறுக்கலாம். இரண்டாவதென்றால் ஒரு மணி நேரமும் பொறுக்கக் கூடாது.

அதற்கு ரத்தம் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். வெள்ளையணுக்கள் எவ்வளவு ஏறியிருக்கின்றன, அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி. எவ்வளவு, உப்பு குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் உள்ளே காரியம் கெட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். எண்ணுவதற்கு மெஷின் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் பிள்ளைகளின் ரத்தத்தை வெலிச்கா மெஷினோடு விடமாட்டாள். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டைத் தீற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்து, நூறு வெள்ளையணுவைத் தானே எண்ணுவாள். உடம்பு ஆள் போதாமல் பயிற்சி முடியாத சிப்பாய்களையும் சண்டைக்கு அனுப்பியிருக்கிறதா என்று அதில்தான் தெரியும் என்பாள்.

எண்ணி முடித்ததும் சீட்டில் எழுதி, மோசமான எண்ணின் கீழே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். இரண்டு கோடு போட்டால் 'ஓடு' என்று அர்த்தம். அறுவைப் பிரிவில் அவளுக்கு 'வாத்தியாரம்மா' என்று பெயர் வைத்திருந்தோம். "இன்னிக்கு வாத்தியாரம்மா உங்களுக்கு ரெண்டு போட்டாங்களா, ஆறு போட்டாங்களா?" என்று நர்ஸ் கெர்கானா என்னைச் சீண்டுவாள். பள்ளிக்கூடத்தில் ரெண்டு என்றால் ஃபெயில், ஆறு என்றால் முழு மார்க். நான் ரெண்டு வாங்கிப் பழகாதவன்.

வாங்கிய கதைக்கு வருகிறேன். நான் சொல்லப்போகிற மே மாதத்துக்கு மூன்று வருஷம் முன்பு ஒரு பையன் வயிற்றுவலி என்று வந்தான். வெலிச்காவின் சீட்டில் இரண்டு சிவப்புக் கோடு. வயிற்றைத் திறந்தேன். குடல்வால் ஒரு பழுதும் இல்லாமல் பூப்போல இருந்தது. மறுநாள் எக்ஸ்ரே எடுத்தால் பையனுக்கு நிமோனியா, நுரையீரலின் அடிப்பகுதியில். பிள்ளைகளுக்கு அந்த இடத்துச் சளி வயிற்றுவலியாக வேஷம் போடும் என்பது மருத்துவம் படித்த எவனுக்கும் தெரிந்த சங்கதிதான். எனக்கும் தெரியும். ஆனால் பையனின் அப்பா சண்டைக்கு நின்றார், டைரக்டர் விளக்கம் கேட்டார், நான் வெலிச்காவைக் காட்டினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நடைவழியில் நர்சுகள், நோயாளிகள், டைரக்டர் எல்லோரும் பார்க்க, "கோடு போட்டுக் கோடு போட்டு என்னை ஒரு நல்ல வயித்தைக் கிழிக்க வெச்சுட்டீங்க. எண்ணத் தெரியலைன்னா வீட்டுல உக்காந்து பீன்ஸ் எண்ணுங்க" என்று கத்தினேன். என்னைவிடப் பதினாறு வயசு மூத்தவள். வாயாடி வெலிச்கா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதோடு சிவப்புக் கோடு நின்றது. சீட்டில் வெறும் எண்கள் மட்டும் வரும். ஓய்வு வயதைத் தாண்டியும் வேறு ஆள் கிடைக்காததால் அவளுக்கு ஜூன் மாதம் தோறும் ஒரு வருஷம் நீட்டிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் நீட்டிப்புக் கிடையாது என்று டைரக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். அந்த வேலை இல்லாவிட்டால் அவளுக்கு அந்த வெறும் வீடுதான்.

இப்போது அந்த மே ஆறாம் தேதி. புனித கெயோர்கி திருநாள். ஊரே ஆடு சுட்டுத் தின்கிற நாள். கெயோர்கி, கெர்கானா, கான்சோ எல்லாம் ஒரே பெயரின் கிளைகள் என்பதால் எனக்கும் பெயர்நாள், பிறந்தநாள் போல விருந்து வைத்தாக வேண்டும். சாக்லேட் பெட்டியோடு பிரிவுக்கு வந்து எல்லோருக்கும் நீட்டிவிட்டு, மதியம் இரண்டு மணிக்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்திருந்தேன். வீட்டில் முப்பது விருந்தாளிகள்.

ஒரு மணிக்கு அசென் வந்தான். ரொட்டிக் கடை வேன் ஓட்டுகிறவன். தோளில் ஏழு வயசு மகள் நெவெனா. வெட்டிய ஆட்டின் ரத்தத்தால் அவள் நெற்றியில் சிலுவைக்குறி போட்டிருந்தார்கள். வருஷம் முழுக்க நோய்நொடி அண்டாது என்று எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவதுதான். அது காய்ந்து கருத்திருந்தது.

"எப்பலேருந்து வலி?" என்றேன்.

"இப்பத்தான் டாக்டர். மத்தியானம் ஆட்டுக்கறி சாப்பிட்டப்புறம்."

"மாத்திரை ஏதாவது?"

"ஒண்ணும் குடுக்கலை."

வயிற்றை அமுக்கினேன். பஞ்சு மாதிரி இருந்தது. காய்ச்சலும் பெரிதாக இல்லை. "வலிக்குதா செல்லம்?" என்றேன். "கொஞ்சமா" என்றாள். பிள்ளை கொஞ்சம் சோர்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

"இன்னிக்கு ஊருல பாதிப் பேருக்கு இதே வியாதிதான் அசென். இதுக்குப் பேரு ஆடு" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். கடமைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, டீயும் வறுத்த ரொட்டியும் கொடுக்கச் சொல்லி அனுப்புவதற்குச் சீட்டு எழுத உட்கார்ந்தேன்.

அந்த இடைவேளையில் நடந்ததைப் பிறகு கெர்கானா சொன்னாள். லிஃப்ட் நின்றுபோயிருந்ததால் வெலிச்கா மூச்சிரைக்க ஏறி வந்திருக்கிறாள். ஒரு சொட்டு எனக்கு, மிச்சம் உனக்கு என்று எடுத்தும் முடித்திருக்கிறாள். "அழவே இல்லையே என் சிங்கக்குட்டி! உடம்பு சரியானதும் அப்பாவை ஜாம் தரச் சொல்றேன்" என்றாளாம்.

"ஜாம் வேணாம்" என்றாளாம் நெவெனா. "கசக்கும்."

"அடி போடி, ஜாம் எங்கியாவது கசக்குமா?" என்று சிரித்துக்கொண்டே குழாயோடு இறங்கிப் போயிருக்கிறாள்.

முக்கால் மணி நேரம் கழித்து நான் கோட்டை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் கால் வைக்கிறேன், எதிரே வெலிச்கா ஏறி வருகிறாள். கையில் சீட்டு.

"டாக்டர், இதைப் பாத்துட்டுப் போங்க."

பார்த்தேன். வெள்ளையணு பத்தொன்பதாயிரத்து நானூறு. பத்துக்குள் இருக்க வேண்டிய சி.ஆர்.பி. நூற்று நாற்பத்தெட்டு. சோடியம் என்கிற உப்பு குறைந்து நூற்று முப்பது. முதிராத அணுக்கள் நூற்றுக்குப் பதினாறு என்று அவள் கையெழுத்தில். சிவப்புக் கோடு இல்லை.

நேர்மையாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். முப்பது பேர் மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள்.

"வயிறு பஞ்சு மாதிரி இருக்கு வெலிச்காக்கா. கையால தொட்டுப் பாத்தவன் நான். எதை நம்பறது?"

"மத்தியானம் தின்ன ஆட்டுக்கறிக்கு ரெண்டு மணிக்கு சி.ஆர்.பி. நூத்தி நாப்பத்தெட்டு ஏறுமா டாக்டர்? அது ஏறணும்னா அரை நாளாவது, ஒரு நாளாவது ஆகும். நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான்."

"போன தடவையும் இப்படித்தான் ஏறி வந்தீங்க. நுரையீரலைப் பாக்கறதுக்கு வயித்தைத் திறந்தோம், ஞாபகம் இருக்கா?"

அவள் முகம் சிவந்தது. அதை நான் பார்த்தேன், பார்த்தும் கோட்டுப் பொத்தானைப் போட்டேன். சீட்டைக் கொடுத்ததோடு அவள் வேலை முடிந்தது. இனி எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையது. பேசாமல் கீழே போயிருந்தால் ஜூனில் நீட்டிப்பும் கிடைத்திருக்கும். அவள் என்னைத் தாண்டிக்கொண்டு மேலே போனாள். அசென் மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெஞ்சில், அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தம்பி, உங்க வீட்டுல என்ன ஜாம்?"

அசென் விழித்தான். "பிளம்ஸ் ஜாம்கா. ஏன்?"

"கசக்குமோ?"

"என்னக்கா நீங்க! எங்க வீட்டுக்காரி ஸ்பெயினுக்குப் போறதுக்கு முன்னாடி காய்ச்சி வெச்சது. தேன் மாதிரி இருக்கும்."

"அப்ப புள்ளைக்கு மட்டும் ஏன் கசந்துச்சு?"

அவன் கை தன்னை அறியாமல் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. வெலிச்கா அந்தக் கையை மெதுவாக விலக்கி, பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். அனால்ஜின்.

எங்கள் நாட்டில் அனால்ஜின் இல்லாத வீடு கிடையாது. தலைவலி, பல்வலி, முதுகுவலி, மாமியார் வருகை, எல்லாவற்றுக்கும் அதுதான். என் கோட்டுப் பையிலும் அன்றைக்கு ஒரு அட்டை இருந்தது. வேப்பங்காயாய்க் கசக்கும், அதனால் பிள்ளைகளுக்குப் பொடித்து ஜாமில் குழைத்துக் கொடுப்பார்கள். வலியை அமுக்கும், காய்ச்சலையும் இறக்கும். உள்ளே இருக்கிற சீழை ஒன்றும் செய்யாது.

"எத்தனை குடுத்தே?"

"அரை..."

"எத்தனை அரை தம்பி?"

"அஞ்சு."

"எப்பலேருந்து?"

அசென் தரையைப் பார்த்தான். "நேத்துக் காலையிலேருந்து."

நேற்றுக் காலையில் ஏது ஆட்டுக்கறி? ஆடு இன்று காலையில்தான் வெட்டினது. நான் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன்.

"வீட்டுக்காரி போன்ல நேத்தே சொன்னாக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு" என்று அசென் அழ ஆரம்பித்தான். "இருபது பேரை விருந்துக்குக் கூப்பிட்டுட்டேன். போனா படுக்க வெச்சிடுவாங்களேன்னு... அரை மாத்திரை குடுத்தா எந்திரிச்சு விளையாடுறா, சரியாப் போச்சுன்னு நெனச்சேன். டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? அவகிட்ட எப்படிச் சொல்றது?"

வெலிச்கா அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் அவன் முதுகில் கை வைத்து, "இப்ப சொல்லிட்டேல்ல, போதும்" என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. என்னைப் பார்த்து அவளுக்குப் பயம். எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டேன். நெவெனாவை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து வலது காலைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன், குடல்வால் பின்பக்கம் இருந்தால் இதில்தான் அகப்படும். ஐந்து அரை மாத்திரையையும் மீறி அவள் அலறினாள். அதை ஒரு மணிக்கே நான் செய்து பார்த்திருக்க வேண்டும்.

இருபது நிமிஷத்தில் மேஜையில் ஏற்றிவிட்டோம். மயக்க மருந்து கொடுப்பவர் நெற்றிக் குறியைத் துடைக்கப் போனார். "இருக்கட்டும் டாக்டர், இன்னிக்கு எல்லாத் துணையும் வேணும்" என்றாள் கெர்கானா. குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. என் கைக்குப் பஞ்சு மாதிரி இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கறுத்து, நுனி வெடித்து, சீழ் அப்போதுதான் கசிய ஆரம்பித்திருந்தது. டீயும் வறுத்த ரொட்டியும் என்று எழுதிய சீட்டோடு அவளை அனுப்பியிருந்தால் மறுநாள் காலை என்ன ஆகியிருக்கும் என்று தைக்கும்போதே யோசித்தேன்.

வெளியே வந்தபோது வெலிச்கா வேலை நேரம் முடிந்தும் போகாமல் அசெனோடு உட்கார்ந்திருந்தாள். அவன் போன் அவள் காதில் இருந்தது. ஸ்பெயினில் ஸ்ட்ராபெர்ரி பறித்துக்கொண்டிருந்த அவன் மனைவியிடம், "இல்லம்மா, அவனைத் திட்டறதை ஊருக்கு வந்து திட்டிக்க. இப்ப புள்ளையைப் பத்திக் கேளு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலையசைத்ததைப் பார்த்து, "முடிஞ்சிருச்சு, நல்லா இருக்கா" என்று போனில் கத்தினாள்.

அதே நடைவழி. கெர்கானா இருந்தாள், இரண்டு நர்சுகள், நாலைந்து நோயாளிகள் இருந்தார்கள். மூன்று வருஷமாக நான் சோற்றில் மறைத்து வைத்திருந்த முழுப் பூசணிக்காய் ஒன்று உண்டு. அதை அங்கேயே வெளியே எடுத்தேன்.

"வெலிச்காக்கா, அந்தப் பையன் விஷயத்துல நீங்க வெறும் கோடு மட்டும் போடலை. 'எங்கியோ எரியுது டாக்டர், எங்கன்னு தேடுங்க, பையன் இருமறான்'னு சொன்னீங்க. எனக்குக் காதுல விழுந்துச்சு. நான் தேடலை. நீங்க எண்ணினது சரி. தப்பு என்னோடது. டைரக்டர்கிட்டயும் நாளைக்குச் சொல்றேன்."

வெலிச்கா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

"காலையில ஏழு மணிக்குப் புள்ளைக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும்" என்றாள். "நீங்க வீட்டுக்குப் போங்க, ஆட்டுக்கறி ஆறிப் போயிருக்கும்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மூன்று வருஷத்தை ஒரு வாக்கியத்தில் கழித்துவிட முடியுமா? நானும் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்த்தேன் என்றும் சொல்லலாம்.

மறுநாள் சி.ஆர்.பி. இன்னும் ஏறியது, அறுவைக்குப் பிறகு அப்படித்தான் ஏறும். மூன்றாம் நாள் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு சீட்டிலும் வெறும் எண்கள். ஒன்பதாம் நாள் நெவெனா வீட்டுக்குப் போகத் தயாரானாள். ஸ்பெயினிலிருந்து அம்மா வந்திருந்தாள். கையில் ஒரு ஜாடி பிளம்ஸ் ஜாம், "கசக்காது, சத்தியம்" என்று மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கடைசிச் சீட்டு மேலே வந்தது. சி.ஆர்.பி. ஏழு. அதன் கீழே, மூன்று வருஷத்துக்குப் பிறகு சிவப்புப் பென்சில். கோடு இல்லை, வட்டம் போட்டு ஒரு மூன்று.

நிலவறைக்கு இறங்கிப் போனேன். அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிரவே இல்லை.

"என்ன இது?"

"மார்க்கு."

"மூணுதானா? புள்ளை நல்லா நடந்து வீட்டுக்குப் போறா!"

"அதுக்குத்தான் மூணு. இல்லைன்னா ரெண்டு. காப்பி குடிக்கிறீங்களா?"

அந்தக் கழுநீரை இரண்டு கோப்பை குடித்தேன். ஜூனில் நீட்டிப்பு வந்தது, அடுத்த ஜூனிலும் வந்தது. சிவப்புக் கோடுகளும் திரும்பி வந்தன. நடுநடுவே எனக்கு மார்க்கும் வரும். பெரும்பாலும் நாலு, ஒருமுறை வயிற்றைத் தொடாமலே தீர்ப்புச் சொன்னதற்கு ரெண்டு. அறுபத்தாறு வயதில் அவள் ஓய்வு பெற்ற நாளில் கடைசியாக ஒரு பையனின் சீட்டு வந்தது. ஐந்து போட்டிருந்தாள்.

கேக் வெட்டுகிற இடத்தில் பிடித்துக்கொண்டேன். "அக்கா, இன்னிக்காவது ஆறு போட்டிருக்கக் கூடாதா? இனிமே எனக்கு யாரு மார்க் போடுவாங்க?"

வெலிச்கா கேக்கை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"ஆறு போட்டா நீங்க சீட்டைப் படிக்கறதை நிறுத்திடுவீங்க டாக்டர்."